ஏணி வச்சுப் பாத்த வெயில்

அதாம் சொல்லுதேன் ஜெனோ, விழுறதுக்கு முந்துன நிமிசம் வரைக்கும் உங்க அண்ணன் இஸ்ரவேலு சிரிச்சிக்கிட்டுதான் இருந்தான். போன்ல மயக்கம்னு சொன்னது நாந்தான். நீ ருவைஸ்லருந்து ஒத்தையா வரணும்லா. மொதல்ல தண்ணியக் குடி. சுஐபு மெதுவாத்தான் ஓட்டுவான், ஆஸ்பத்திரிக்கு இன்னும் தூரம் கெடக்கு.

எதுக்குச் சிரிச்சானா? நாஞ் சொன்ன கதைக்குத்தான். அமெரிக்கக் கதை. ஏன் அப்பிடிப் பாக்க? கோவில்பட்டில அமெரிக்காக்காரன் கொடும்பாவிய எரிச்சு அடி வாங்குனவந்தான் நான். தீப்பெட்டி ஆபீஸ் சங்கத்துல பாதி ஆயுசு போச்சு. எனக்குப் படிப்பே கட்சி நோட்டீஸ்தான். இப்பவும் ஈராக்குல அவன் குண்டு போடுறதக் கேட்டா வயிறு எரியுது. ஆனா இந்தக் கதைய எழுதுனவன் அமெரிக்காக்காரனா இருந்தாலும் நம்மாளு. பேரு தெரியாது, பழைய புஸ்தகம், அட்டையே இல்ல.

ஒரு சுரங்க ஊரு. பாதரசம் இந்தக் கோட்டத் தொட்டா லீவுன்னு மொதலாளி சொல்லியிருக்கான். தொடப்போவுதுன்னா, இன்னும் நீளமா ஒரு தெர்மாமீட்டர் செய்யச் சொல்லி மாட்டுதான். கோடும் மேல போயிருது. அடுத்தது அதவிட நீளம். கடைசில கொடிக்கம்ப ஒசரம் ஆயிட்டு. ஏணி வச்சு ஏறித்தான் வெயில் எவ்வளவுன்னு பாக்கணும். அதுக்குன்னு ஒருத்தனுக்குச் சம்பளம். வெயில்ல நிக்கான்னு அவனுக்குக் கொட வேற.

எழுதுனவன் ஒரு எடத்துலயும் சிரிக்கல தம்பி. ஏணில எந்தப் படி ஆடுச்சு, ஏறுனவன் செருப்புல எந்த வாரு அந்துச்சு, ரொட்டியில எறும்பு, எல்லாம் எழுதுதான். எறும்பு நெசம்னா தெர்மாமீட்டரும் நெசந்தான? நாங்க நோட்டீஸ்ல ரத்தம், வேர்வன்னு எழுதுனோம். வாங்குனவன் அதுல வடைய மடிச்சுத் தின்னான்.

ரூம்ல இதச் சொன்னேன் பாரு, கட்டில்ல கெடந்தவன்லாம் எறங்கி வந்துட்டான். ஏன்னா நம்ம ஜெபல் அலி சைட்டுலயும் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. அம்பதத் தொட்டா கலாஸ், அன்னைக்கு வேல கெடையாதுன்னு போர்மேன் சொல்லியிருக்கான். மாட்டியிருக்கது எங்க? அவன் கேபின்ல, ஏசிக்குக் கீழ. இஸ்ரவேலு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சான். அண்ணாச்சி, பாவம், நாளைக்கு அதுக்குக் கொஞ்சம் வெயிலு காட்டிருவோம்னான்.

நேத்து போர்மேன் அந்தப் பக்கம் போனதும் கழட்டிட்டு வந்துட்டான். சாரத்து மேல ஏறி, கம்பில கட்டி, எதுக்கவே உக்காந்துட்டான். எறங்குடேன்னேன். இருங்க அண்ணாச்சி, நாப்பத்தெட்டு வந்துட்டுங்கான். கீழ நாங்க எல்லாம் கைவேலையப் போட்டுட்டு அண்ணாந்து நிக்கோம். தமிழன், வங்காளி, பட்டான், எல்லாரும். அம்பது, கலாஸ்னு ஒரு கத்து கத்துனான். விசிலு பறந்துச்சு.

தானாத்தான் எறங்கி வந்தான் தம்பி, யாரும் பிடிக்கல. நெழல்ல உக்காந்து தண்ணி கேட்டான். குடுத்தேன். கையில வாங்கி வச்சுக்கிட்டு, ஏணி இல்லாமலே பாத்துட்டேன்லா அண்ணாச்சின்னு சிரிச்சான். தண்ணியக் குடிக்கல. அப்பிடியே சரிஞ்சிட்டான்.

போர்மேன் வந்து எவன் கழட்டுனதுன்னு கேட்டான். ஒருத்தனும் வாயத் தொறக்கல. அதுக்கப்புறம் வேலையும் ஓடல. நான் நடத்துன போராட்டத்துல ஜெயிச்சது இது ஒண்ணுதான். இத நான் நடத்துனேன்னும் சொல்ல முடியாது.

காலைல திரும்ப மாட்டிட்டாங்க. அதே ஏசிக்குக் கீழதான்.

என்ன கேட்ட? பேசுதானாவா?

சுஐபு, முன்வாசல் வேண்டாம்டே. பின்னால விடு, மார்ச்சுவரி கதவு அந்தப் பக்கம்.

இந்தா தம்பி, என் துண்டு. போத்திக்கோ. உள்ள ரொம்பக் குளுரும்.