ஒரு ஆள் படுக்கிற இடம்

பகல் பன்னிரண்டு மணி. ஒரகடம் ஆறுவழிச் சாலை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வண்டி இல்லை...

காசிராஜன் இப்படித்தான் ஆரம்பித்தான். வடக்குப்பட்டில் கம்பெனிப் பையன்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த அறை. கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரு மெழுகுவர்த்தி. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"பகல்லயா?" என்றான் அய்யாத்துரை. "பேய்க்கும் ஷிஃப்ட் மாத்திட்டாவளாலே?"

சிரித்தார்கள். காசிராஜன் சிரிக்கவில்லை.

"உச்சி வேளைய என்னன்னு நெனச்ச? நடந்தது எங்க அத்தை மவன் அருள்பாண்டிக்கு. ஒண்ணுக்குப் போறவன் இப்பமே போயிரு. பாதியில எந்திரிக்கக் கூடாது."

யாரும் எழவில்லை.

அன்று போகி. கம்பெனிகளுக்கெல்லாம் விடுமுறை. தெற்கத்திப் பையன்கள் முந்தின நாளே பஸ் ஏறிவிட்டார்கள். டீக்கடைகள் மூடிக் கிடந்தன. விடியலில் கொளுத்திய டயர்களின் புகை மட்டும் இன்னும் ரோட்டின்மேல் படுத்திருந்தது. நாய்கூட இல்லை.

அருள்பாண்டி போகவில்லை. அவனுக்கு ஒரு கேரவன் பாக்கி இருந்தது.

ஒரகடத்துக்குப் பின்னால் ஒரு ஷெட். பஸ்ஸின் வெறும் அடிச்சட்டத்தின் மேல் அங்கே வீடு கட்டுவார்கள். கட்டில், சோபா, அடுப்பு, கக்கூஸ், எல்லாம் உள்ளேயே. பெரிய மனிதர்கள் ஊர் சுற்ற. வண்டி நின்றபின் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பக்கச் சுவர், கட்டிலோடு சேர்ந்து, மேசை இழுப்பறை மாதிரி வெளியே போகும். உள்ளே இடம் அகலமாகும். ஸ்லைடு என்பார்கள். ஓடும்போது அது மூடித்தான் இருக்க வேண்டும்.

இது திறந்தது.

ஷெட்டில் நிற்கும்போது ஒன்றும் இல்லை. ரோட்டில் இறங்கினால்... மெல்ல... டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் வெளியே வரும். ஒரு தடவை, பக்கத்தில் பைக்கில் வந்தவனின் தலை தப்பியது அவனுடைய நல்ல காலம்.

அருள்பாண்டி மோட்டாரை மாற்றினான். திறந்தது. மோட்டாரைப் பிடித்து வைக்கும் பிரேக்கை மாற்றினான். திறந்தது. சுவிட்ச் தானாக வேலை செய்கிறதோ என்று ஒயரையே கழற்றிப் போட்டான். கரண்டே இல்லாமல் திறந்தது. கடைசியில் உள்ளே குறுக்காக ஓர் இரும்புத் தடியைக் கொடுத்து, போல்ட் போட்டு முடுக்கினான்.

"இத்த முடிச்சிட்டு ஊருக்குப் போ," என்றிருந்தார் சூப்பர்வைசர். "முடியலயா, பொங்கல இங்கியே கொண்டாடு."

ஊரில் அவனுக்கு ஒரு பிள்ளை இருந்தது. பெண். பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. திசையன்விளைப் பக்கம், மாமியார் வீட்டில். லீவு கிடைக்காததால் அவன் இன்னும் பார்க்கவில்லை. மனைவி இசக்கிசெல்வி போனைப் பிள்ளையின் வாயருகே வைப்பாள். அழுகை கேட்கும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த பிள்ளை. அதற்காகத்தான் ராப்பகலாக அந்த ஸ்லைடோடு கிடந்தான். சரியாகத் தூங்கி நாளாகியிருந்தது.

வண்டி ஓட்டியவர் கோதண்டம். உள்ளூர்க்காரர்.

"நீ உள்ள குந்திக்கினு பாரு பாண்டி. எந்தப் பக்கம் மொதல்ல நவுருதுன்னு சொல்லு. போன ஆன்லயே வையி."

"குலுக்காம ஓட்டுங்கண்ணே."

"பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரி ஓட்றேன். ஏறு."

டிரைவர் இருக்கைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினால் பகல் போய்விட்டது. திரைகள் எல்லாம் மூடியிருந்தன. புது பிளைவுட் வாசனை. பசை. ரெக்சின். ஸ்லைடு மூடியிருப்பதால் கட்டில் கிட்டத்தட்ட எதிர் அலமாரி வரை வந்திருந்தது. நடுவில் ஒரு சந்து. ஒரே ஒரு ஆள் படுக்கலாம். அருள்பாண்டி அதில் படுத்தான். கன்னத்தைத் தரையில் வைத்து, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தான். பல்சக்கரம் தெரிந்தது.

வண்டி ஓடியது. டயர் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பல்சக்கரம் அசையவில்லை. பார்த்தான். அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்...

"கொஞ்சம் தள்ளிப் படுங்கண்ணே."

களைத்த குரல். மரியாதையான குரல்.

மெழுகுவர்த்தியைச் சுற்றி இருந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருகிறவன் இருட்டில் சொல்வது இது. படுத்திருப்பவன் கண்ணைத் திறக்கமாட்டான். யார் என்று கேட்கமாட்டான். நகர்ந்துகொள்வான். தூக்கம் கலையாது. உடம்பு தானாக நகரும்.

அருள்பாண்டியும் நகர்ந்தான். அலமாரியோடு ஒட்டி, ஒருக்களித்துக்கொண்டான்.

பக்கத்தில் ஆள் படுத்தது. தரை லேசாக அமுங்கியது. கிரீஸ் நாற்றம்... துவைக்காத சட்டை நாற்றம்... "அப்பாடா" என்று ஒரு மூச்சு. அவன் பிடரியில் பட்டது.

குளிர்ந்த மூச்சு.

பிறகு...

டக்.

டக்.

பல்சக்கரம், ஒவ்வொரு பல்லாக.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. தான் தங்கும் அறையில் படுத்திருக்கவில்லை.

அவன் திரும்பவில்லை. கண் எதிரே அலமாரியின் கைப்பிடி. பளபளப்பான ஸ்டீல். அதில் ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. சுவர் விலக விலக, கோடு அகலமானது. கைப்பிடியில் அவனுடைய தோள் தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு தோள்.

போன் கத்தியது. "பாண்டி! தொறக்குதுபா! நீயா தள்ற?"

அவன் கைப்பிடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாண்டி! உள்ள யார்கூட பேசிக்கினு கீற?"

அவன் பேசவில்லை.

பிரேக் போட்டு வண்டி நின்றது. கோதண்டம் கதவைத் திறந்தபோது அருள்பாண்டி அலமாரியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தான். வேறு யாரும் இல்லை. அவனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இடம் விட்டிருந்தது. ஒரு ஆள் படுக்கிற இடம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரும்புத் தடி உடையவில்லை. வளையவில்லை. சுவரோரம் சாத்தி வைத்திருந்தது. போல்ட்டுகளைக் கழற்றி, தொலைந்து போகாதபடி ஒவ்வொன்றிலும் அதனதன் நட்டை மாட்டி, பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தது. வேலை தெரிந்தவன் வைக்கிற மாதிரி.

இருவரும் கீழே இறங்கி ரோட்டில் நின்றார்கள். தார் கொதித்தது. அருள்பாண்டிக்குப் பல் கிட்டியது.

"இந்த ஸ்லைடு பொட்டிய மாட்டசொல்ல ஒரு காண்ட்ராக்ட் ஆள் இருந்தான்," என்றார் கோதண்டம். குரல் தாழ்ந்திருந்தது. "சாப்பாட்டு டைம்ல இதுக்குள்ளதான் பூந்து தூங்குவான். தீபாளிக்கு ஊருக்குப் போவணும், ஊருக்குப் போவணும்னு சொல்லிக்கினே இருப்பான்."

"போனானா?"

"அப்பாலிக்கு வரல. போயிருப்பான்."

"அவன் பேரு என்னண்ணே?"

கோதண்டம் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"யாருக்குத் தெரியும்? காண்ட்ராக்ட்டு. மறுநா வேற ஆள் வந்தான்."

ஸ்லைடை உள்ளே தள்ளி மூடினார்கள். அருள்பாண்டி உள்ளே ஏறவில்லை. முன்னால் கோதண்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

திறக்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் வரை போய்த் திரும்பினார்கள். திறக்கவில்லை. கோதண்டம் வேண்டுமென்றே வண்டியைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். மயிரிழைகூட நகரவில்லை. குறுக்குத் தடியே இல்லாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அப்போதும் சுவர் அசையவில்லை.

"இன்னாடா பண்ண?" என்று கேட்டார் சூப்பர்வைசர், சிரித்துக்கொண்டே.

"டைட் பண்ணேன் சார்."

லீவு கிடைத்தது. அருள்பாண்டிக்குச் சந்தோஷம். அது ஏன் நின்றது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று வெயில் தாழும்போதே ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து, திருநெல்வேலி போகும் ஸ்பெஷல் பஸ்ஸில் தொற்றி ஏறிவிட்டான்.

பொங்கல் கூட்டம். படிவரை ஆள். செங்கல்பட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி இறங்க, அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. நடைபாதையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். அந்த இடத்தைப் பார்ப்பார்கள்... தாண்டிப் போவார்கள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"உக்காருங்க அக்கா. எடம் சும்மாதான கெடக்கு."

அவள் இருக்கையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பரவால்ல தம்பி. எழுப்பாத. நல்லா தூங்கறாரு, பாவம்."

அருள்பாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மதுரை தாண்டும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு தலையின் பாரம் இருந்தது.

திருநெல்வேலியில் இறங்கி நேராக ஆற்றுக்குப் போனான். முங்கி எழுந்தான். கோயில் வாசலில் நின்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டான். தோள் லேசானது. போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ளத்தான் முடிந்தது.

பிள்ளையை அவன் கையில் கொடுத்தார்கள். அது அவன் விரலைப் பிடித்தது. பிடித்ததை விடவில்லை. பொங்கல் சாப்பாட்டைக்கூட அவன் இடது கையில் பிள்ளையை வைத்துக்கொண்டே சாப்பிட்டான்.

இரவு இசக்கிசெல்வி பாய் விரித்தாள். சுவரோரம் அவள். நடுவில் பிள்ளை. இந்தப் பக்கம் அவனுக்கு.

அருள்பாண்டி அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூக்கத்தில் யாராவது தள்ளிப் படுக்கச் சொன்னால் தன் உடம்பு தள்ளிப் படுக்கும். அது அவனுக்குத் தெரியும். தள்ளிப் படுக்கிற பக்கத்தில் பிள்ளை.

"நான் முத்தத்துல படுத்துக்கிடுதேன்."

"பிள்ளையப் பாக்க வந்தியளா, முத்தத்தப் பாக்க வந்தியளா?"

"உள்ள புழுக்கமா இருக்குட்டி."

"தை மாசத்துல புழுக்கம்! மெட்ராஸ்காரவுகள்லா."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. காரணத்தை அவன் எப்படிச் சொல்வான்?

முற்றத்தில் கயிற்றுக் கட்டில். அதன் விளிம்பில் ஒருக்களித்துப் படுத்தான். மறுபக்கம் இடம் விட்டான். வேண்டுமென்றே விட்டான். வா... இங்கேயே படு. என் பக்கத்திலேயே படு. உள்ளே மட்டும் போகாதே. வாய்க்குள் இதையே சொல்லிக்கொண்டு விழித்துக் கிடந்தான். பனி இறங்கியது. கயிறு அமுங்கும் என்று காத்திருந்தான்.

அமுங்கவில்லை. யாரும் வரவில்லை. கோழி கூவியது. அப்போது அவனுக்கு அழுகை வந்தது. ஆற்றோடு போயிருக்கிறது. பிள்ளை தப்பித்தது. அழுதுகொண்டே கண் அசந்தான்.

எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. மாட்டுப் பொங்கல். மாமனார் மாட்டைக் குளத்துக்குப் பத்திக்கொண்டு போயிருந்தார். மாமியார் தெருவில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வி காபியோடு வந்து கட்டிலருகே நின்றாள். முகத்தில் கோபம் இல்லை.

"எப்பம் எந்திரிச்சு மறுபடி வெளிய வந்திய?"

"எங்க எந்திரிச்சேன்? விடிய விடிய இங்கதான கெடக்கேன்."

"ஆமாமா. வீம்புக்கு வெளிய வந்து படுத்துட்டு, சாமத்துல பூனை மாதிரி உள்ள வந்தியள்லா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கொஞ்சம் தள்ளிப் படுங்கக்கான்னிய. பெண்டாட்டிய அக்காங்கிய! தூக்கக் கலக்கம்னு நானும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் எடம் விட்டுட்டேன்."

உள்ளே பிள்ளை அழுதது.

அருள்பாண்டி எழுந்தான். காபி கவிழ்ந்தது. வாசற்படியில் கால் வைத்தான்.

அழுகை நின்றுவிட்டது.

"அம்மை எடுத்திருப்பா," என்றாள் இசக்கிசெல்வி. சொல்லிவிட்டுத் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அம்மை இன்னும் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. தட்... தட்... அவசரம் இல்லாமல்.

பெரிய கை. சத்தத்திலேயே தெரிந்தது.