பிரிட்ஜ் கதவில் பத்து வாரம் தொங்கிய தாள்

பதினோரு ஆண்டுகள் ஒரே படிவத்தில் வருமான வரி கட்டிய நானும் என் கணவர் வெண்டலும் இந்த ஆண்டு தனித்தனியாகத் தாக்கல் செய்தோம். விவாகரத்து இல்லை. வீடு ஒன்று, சமையலறை ஒன்று, சண்டையும் ஒன்றே ஒன்றுதான். நடந்தது இவ்வளவே. இனி வணக்கத்துக்கு வருகிறேன்.

ஏழு நிமிடத்தைத் தாண்டினால் அடிப்பதற்கென்று மணியைக் கையிலேயே வைத்திருக்கும் எங்கள் வணிகர் சங்கத் தலைவர் வெர்னா டாலிவர் அம்மையார் அவர்களே, வண்டிகளை மழையில் நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நமக்குத் தந்திருக்கும் தீயணைப்பு வீரர்களே, கடன் வாங்கிக் கடை வைத்துக் கண்ணியமாய் நிற்கும் பெரியோர்களே, பிள்ளையை இடுப்பிலும் வியாபாரத்தைத் தலையிலும் சுமக்கும் தாய்மார்களே, தட்டிலிருக்கும் ஆப்பிள் பை தீரட்டும், அப்புறம் பேச்சைக் கேட்கலாம் என்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் ரோவீனா கிரெப்ஸின் வணக்கம்.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு பழைய வாஷிங் மெஷினைப் பிக்கப் வண்டியில் ஏற்றி விற்றுத் தொடங்கியவள் நான். இன்று இந்த ஊரில் பாதி வீடுகளில் பால் குளிர்வது என் பிரிட்ஜில்தான். வெண்டல் மரம் வெட்டுகிறார், விறகு விற்கிறார். சென்ற ஆண்டு பனிப்புயலில் மரங்கள் சாய்ந்தபோது ஓஹையோவில் அவரைப்போல் ஓடியவர் இல்லை. எவ்வளவு சம்பாதித்தார்? அதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் வீட்டில் பதில் இல்லை.

எனக்கோ அவசரம். ரயில் பாதைக்குப் பின்னாலுள்ள கிடங்கை வாங்க முன்பணம் கொடுத்திருந்தேன். தாக்கல் செய்த வரிப் படிவத்தை ஏப்ரல் இருபதுக்குள் காட்டினால் வங்கிக் கடன். காட்டாவிட்டால் கிடங்கு வேறொருவருக்கு. நூலகத்துக் கீழ்த்தளத்தில் நமக்கெல்லாம் வரிக் கணக்கு எழுதும் பெட்ரா நோவக், ஒரே படிவமென்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். வெண்டல் தன் வருமானத்தை எழுத ஓர் இடம். கையெழுத்துக்கு ஓர் இடம். அதைக் காட்ட ஒரு மஞ்சள் சீட்டு. அந்தத் தாளைப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

பத்து வாரம், தோழர்களே. பால் எடுக்கத் திறந்தார், பன்றிக்கறி எடுக்கத் திறந்தார், பீர் எடுக்கத் திறந்தார். பேனாவை மட்டும் எடுக்கவில்லை.

"வெண்டல், அந்தத் தாளு உன் மூக்க இடிக்குது, பாரு."

"பாத்தேன். சனிக்கிழம பாக்கலாம்."

"எந்த வருஷத்துச் சனிக்கிழம?"

"நச்சரிக்காத ரோவீனா. என் விறகு என் சொந்த விஷயம்."

திருமணத்தன்று நலத்திலும் நோயிலும் துணையிருப்பாயா என்று கேட்டார்கள். விறகு விற்ற ரசீதைக் காட்டுவாயா என்று யாராவது கேட்டார்களா?

என்ன, பின்வரிசையில்? அவர் கையெழுத்தை நானே போட்டிருக்கலாமே என்கிறீர்களா? மறைக்க மாட்டேன். வாஷிங் மெஷின் அட்டைப் பெட்டியில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அவர் போடுவதைவிட அழகாகவே வந்தது. பெட்ராவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அது மோசடிம்மா. அதோட இன்னொண்ணு கேளு. ஒண்ணாத் தாக்கல் பண்ணா, அவரு மறைச்ச டாலருக்கும் நீதான் ஜவாப்தாரி. நாளைக்கு உன் பிரிட்ஜையெல்லாம் கேட்டு வருவாங்க."

"தனியாப் போட்டா?"

"வரி கூட வரும். சில சலுகை போயிடும். ஆனா உன் கணக்கு உன்னோட நிக்கும். இன்னொண்ணும் இருக்கு. இப்ப தனியாப் போட்டா, மூணு வருஷத்துக்குள்ள ரெண்டு பேரும் சம்மதிச்சுச் சேத்துக்கலாம். சேத்துப் போட்டுட்டு கடைசி நாள் ஏப்ரல் பதினஞ்சு தாண்டிட்டா, பிரிக்க முடியாது."

அதுதான் என்னை அசைத்தது. தனித்துப் போனவர் சேரத் தவணை உண்டு. சேர்ந்து போனவர் பிரியத் தவணை இல்லை. சரக்கைப் பார்க்காமல் காசைக் கொடுப்பேனா? பிளக்கைச் சொருகிப் பார்க்காமல் பழைய பிரிட்ஜை வாங்குவேனா? முப்பது டாலர் மிக்ஸியில் காட்டும் எச்சரிக்கையை முழு ஆண்டு உழைப்பில் காட்ட வேண்டாமா?

ஏப்ரல் பதினான்காம் தேதி காலையில் தனியாகத் தாக்கல் செய்தேன். கூடுதல் வரி தொள்ளாயிரத்துப் பத்து டாலர். வலித்தது. கட்டினேன். வீட்டுக்கு வந்து பிரிட்ஜிலிருந்த தாளை எடுத்தேன். வெண்டல் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எடுத்துட்ட?"

"இனி வேணாம். என்னோடத நானே போட்டுட்டேன்."

"அப்ப என் பேரு?"

"பேரு இருக்கு. கல்யாணமானவன்னு போட்டிருக்கு. கையெழுத்துதான் இல்ல."

முட்டை கருகியது. அடுப்பை அணைத்தார்.

"அடிக்கட்டைய அரைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கிட்டேன். அண்ணன் கொட்டகையில நிக்குது. கையில வந்த காச எழுதி வைக்கல. நீ கேப்பேன்னுதான்..."

"கேப்பேன்தான். எவ்வளவுக்கு வாங்கின?"

சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் கையெழுத்துப் போடவில்லை என்று பிறகு ஒருநாள் சொன்னார். இல்லை, நண்பர்களே. காப்பாற்றியது தன் மானத்தை. என் கடை பிழைத்தது நான் என் படிவத்தில் தனியாக நின்றதால்.

வங்கி கடன் கொடுத்தது. கிடங்கு என்னுடையது. வெண்டல் மே இரண்டாம் தேதி தன் படிவத்தைத் தானே எழுதி, தாமதக் கட்டணத்தையும் தானே கட்டினார். அதோ, மூன்றாம் மேசையில் தலையைக் குனிந்து தட்டிலுள்ள ஆப்பிள் பையைக் கிளறிக்கொண்டிருக்கிறார். நிமிரலாம் வெண்டல், முடிக்கப்போகிறேன்.

தனியாகத் தாக்கல் செய்வது கல்யாண மோதிரத்தைக் கழற்றுவதுபோல் என்று நினைக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, அன்பு வேறு, ஆவணம் வேறு. அன்புக்கு இரண்டு மனம் போதும். ஆவணத்துக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை வரவில்லையா? வருந்துங்கள், திட்டுங்கள், ஆனால் தேதி தவறாதீர்கள், உங்கள் கையை நீட்டுங்கள்.

மணியை எடுத்துவிட்டார் தலைவர். பொறுத்திருந்து கேட்டதற்கு நன்றி, பெட்ராவுக்குத் தனி நன்றி, எல்லோருக்கும் என் மாலை வணக்கம். ஒப்பந்தத்தை மட்டும் சொல்லி இறங்குகிறேன். பிரிட்ஜிலிருந்த அதே தாளின் பின்பக்கத்தில் எழுதினோம், இந்த முறை அவர் கையெழுத்துப் போட்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை எல்லா ரசீதும் சமையலறை மேசைமேல். ஓராண்டு தவறாமல் வந்தால் இரண்டு படிவத்தையும் ஒன்றாகச் சேர்ப்போம்; ஒரு மாதம் தவறினாலும் இல்லை. அந்த அடிக்கட்டை மெஷின் என் கிடங்கின் பின்பகுதியில் நிற்கும். வாடகை மாதம் நூற்றிருபது டாலர், ஜூன் ஒன்று முதல், கணவர் என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது.