ஒரே ஓர் இலக்கம்

என் கடையில் எடுக்கிற ஜெராக்ஸ் கோணலாக விழாது. செஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாதிச் சான்றிதழில் தாசில்தார் முத்திரையின் ஓரம்கூடத் தெளிவாக விழும். வேலையில் எனக்கு ஒழுங்கு முக்கியம், மேடம். இதையும் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

மணி நாலே கால். வளர்மதிக்குக் கிடைத்திருக்கும் எம்.எஸ்சி. இடத்தை ஐந்து மணிக்குத்தான் மூடுவார்கள். அவள் பெயரில் இருக்கும் மெயிலுக்குள் போய் 'ஏற்கிறேன்' என்று அழுத்த இரண்டு நிமிடம் போதும். நான் பேசி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு பாஸ்வேர்டைச் சொல்கிறேன். என் கம்ப்யூட்டரை விழுப்புரம் சைபர் கிரைமுக்கு அனுப்பினால் திறந்து கொடுக்க அவர்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும். 'மறந்துவிட்டது' என்று அழுத்திப் பார்க்கலாம். அந்தச் செய்தியும் எனக்குத்தான் வரும்.

அடித்தால் உடனே சொல்லிவிடுவேன். நீங்கள் அடிக்கிற ஆள் இல்லை. இந்த ஸ்டேஷனுக்கு எஸ்.ஐ.யாக வந்த எட்டு மாதத்தில் யார் மேலும் கை வைத்ததில்லை. ஊரே அதைத்தான் பேசுகிறது.

பெயர் துரைக்கண்ணு. வயது நாற்பத்தெட்டு. பி.எஸ்சி. கணிதம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பிரவுசிங் சென்டர். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு மூன்று முறை எழுதினேன். இடம் கிடைக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்களே கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்றுதான்.

தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. விண்ணப்பத்தில் மெயில் முகவரி கேட்பார்கள். பிள்ளைகளிடம் போன் இருக்கிறது, போனுக்குள் மெயிலும் இருக்கிறது. என்ன முகவரி என்று கேட்டால் தெரியாது. போன் விற்ற கடைக்காரர் போட்டுக்கொடுத்தது என்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். நானே புதிதாக ஒன்று உண்டாக்கிப் போட்டுவிடுவேன். பாஸ்வேர்டும் நானே வைப்பேன். செஞ்சியில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இப்படித்தான். பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளைகூட, ஒரு தகப்பன்கூட, அது என்னவென்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

ஆகவே எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு ரிசல்ட் முதலில் எனக்கு வரும்.

நான் காசு வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை ஏற்றினேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் ஒருவருக்கும் ஏற்றியதில்லை. குறைத்திருக்கிறேன். எல்லாருக்கும் இல்லை, மிக நன்றாக எழுதியவர்களுக்கு மட்டும். அதுவும் ஒரே ஓர் இலக்கம். இரண்டை ஒன்றாக்குவேன். மற்ற இரண்டு இலக்கங்களையும் தொட மாட்டேன். அவை அந்தப் பிள்ளை உழைத்துச் சம்பாதித்தவை.

காரணம் எளிது. வளர்மதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்து பஸ் பிடித்து மூன்று வருடம் கல்லூரிக்குப் போனாள். கணிதத்தில் அவள்தான் முதல். ஆசிரியர்கள் அவளைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இதெல்லாம் போகுமா? அவருக்குப் போவது மூன்று இலக்கம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வா என்கிறார், வராதே என்கிறார். எண் போனால் பிள்ளை போகும். போன பிள்ளை பொங்கலுக்கு மூன்று நாள் வரும், பிறகு அதுவும் வராது. எண் இங்கேயே நின்றால் பிள்ளையும் நிற்கும்.

நின்றவர்களை நீங்களே பாருங்கள். திண்டிவனம் சாலையில் உரக்கடை வைத்திருக்கும் விமல்ராஜ், வேதியியல். அவன் அளந்து கொடுக்கிற மருந்தில் பயிர் கருகியதாக ஒரு விவசாயி சொன்னதில்லை. மார்க்கெட் கமிட்டியில் மணிலாக் கடலை மூட்டை எடை போடுகிற ஆனந்தராஜ், இயற்பியல். அவன் வந்த பிறகு தராசுச் சண்டையே கிடையாது. வல்லத்தில் இனியன் டியூஷன் எடுக்கிறான். அவனிடம் படித்த ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தவறியதில்லை. மூன்று பேருக்கும் தங்கள் எண் தெரியாது. திருப்தியாக இருக்கிறார்கள். போன வாரம்கூட விமல்ராஜ் எனக்கு லட்டு கொடுத்தான், பிள்ளை பிறந்திருக்கிறது.

இந்த ஊரில் ஏதாவது சரியாக நடந்தால் அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

மொத்தம் இருபத்தாறு பேர். எழுதிக்கொண்டீர்களா? இருபத்தாறு.

வளர்மதி விஷயத்துக்கு வருகிறேன். ரிசல்ட் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவளும் அவள் நைனா தனகோட்டியும் காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். நான் எட்டு மணிக்கே பார்த்துவிட்டேன். இருநூற்று நாற்பத்தொன்று. அச்சடித்துத் தயாராக வைத்திருந்தேன். அதில் நூற்று நாற்பத்தொன்று.

"இன்னா சார், பொண்ணு பாஸா?" என்றார் தனகோட்டி.

"இதுல பாஸ், ஃபெயிலு கெடையாதுண்ணே. மார்க்கு மட்டும்தான்."

"பாஸ் ஃபெயிலு இல்லாத பரீட்சைக்கு இன்னாத்துக்கு எங்கள வேலூரு வரைக்கும் அலைய வுட்டாங்க?"

"நைனா, கொஞ்சம் சும்மா இரு" என்று சொல்லிவிட்டு வளர்மதி தாளை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். "சார், இது என்துதானா?"

"பேரு, போட்டோ எல்லாம் இருக்குது பாரும்மா."

"அறுபத்திரண்டு சரி, ஏழு தப்பு, ஆறு வுட்டுட்டேன். சரிக்கு நாலு, தப்புக்கு ஒண்ணு கழிக்கணும். இருநூத்தி நாப்பத்தொண்ணு வரணும் சார்."

மிகச் சரியான கணக்கு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடையில் அவளைப் பாராட்ட என்னால் முடியவில்லை, அதுதான் குறை.

"டென்ஷன்ல ஒரு நூறு கூட சேத்துக் கூட்டிட்டிருப்பம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். தனகோட்டி சிரித்தார். "நூறு தானே? வுடு. மணிலா வித்தா அந்த நூற நான் தரேன்."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவள் அழவில்லை. அதைக் கவனியுங்கள். நூற்று நாற்பத்தொன்றுக்கு யாரும் அழுவதில்லை. கொண்டாடவும் மாட்டார்கள். எல்லாம் பார்த்துத்தான் செய்வேன். பக்கத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைக்கும், மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருக்கலாம், நானே விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்றேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள்.

ஒன்றரை மாதம் அவள் தன் கணக்கைச் சந்தேகப்பட்டாளாம். நீங்கள் விசாரித்தபோது அழுதுகொண்டே அதைச் சொன்னாள். அறுபத்திரண்டை நாலால் பெருக்கத் தனக்குத் தெரியவில்லையோ என்று நோட்டு முழுக்கப் பெருக்கிப் பார்த்திருக்கிறாள். அது நான் எதிர்பார்க்காதது. மற்றவர்கள் யாரும் அவ்வளவு கணக்குப் பார்க்கவில்லை. தாளில் அச்சடித்து வந்தால் நம்பிவிடுவார்கள்.

என் ஒழுங்குதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. கண்டபடி மாற்றியிருந்தால் அவள் விட்டிருப்பாள். சரியாக நூறு குறைந்தது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் கூடப் படித்த கவிதா அந்தத் தாளின் மூலையில் இருக்கிற க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் காட்டிப் பார்த்திருக்கிறாள். எண்ணை மாற்றினேன், அந்தக் கட்டத்தை மாற்றத் தோன்றவில்லை. இன்று காலை இரண்டு பெண்களும் கடைக்கு வந்தார்கள்.

"சார், போன்ல இருநூத்தி நாப்பத்தொண்ணுன்னு வருது. பேப்பர்ல நூத்தி நாப்பத்தொண்ணுன்னு இருக்குது. ரெண்டுல எது சார் பொய் சொல்லுது?" என்றாள் கவிதா.

"போன் பழசாம்மா?"

"போன மாசம்தான் வாங்கினது. கடதான் சார் பழசு."

நல்ல வாய். அவளும் நன்றாக எழுதியிருக்க வேண்டியவள். நூற்றுப் பத்துதான் எடுத்தாள். அது உண்மையான நூற்றுப் பத்து, நான் கை வைக்கவில்லை.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். மதிப்பெண்ணைத் திருத்திய குற்றத்துக்கு மட்டும் என்னை விசாரித்தீர்கள். வளர்மதிக்கு ஓர் இடம் காத்துக்கொண்டிருக்கிறது, அது இன்றைக்கு ஐந்து மணிக்கு முடிகிறது என்று நாலு மணிக்கு உங்களிடம் சொன்னது நான்தான். சொல்லாமலே இருந்திருக்கலாம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்படி வந்தது அந்த இடம் என்று கேட்டீர்கள். நான் விண்ணப்பித்தேன். மதிப்பெண்ணைக் குறைத்துச் சொன்னதோடு என் வேலை முடிந்தது, விட்டிருக்கலாம். விட மனம் வராது. இருநூற்று நாற்பத்தொன்று என்பது விளையாட்டு இல்லை. வீணாகக் கூடாது. அதனால் உண்மையான மதிப்பெண்ணை வைத்து, அந்தப் பிள்ளைகளின் பெயரில், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு என் செலவில் போட்டுவிடுவேன். விருப்பப் பட்டியலை ஒரு வாரம் யோசித்து நிரப்புவேன். எந்த ஊரில் யார் பாடம் எடுக்கிறார்கள், நூலகத்தை எத்தனை மணிக்கு மூடுவார்கள், விடுதி அறையிலிருந்து வகுப்புக்கு எவ்வளவு தூரம், எல்லாம் பார்ப்பேன். பிறகு கடிதம் வரும். தங்களைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்கிறோம் என்று இருக்கும். இத்தனை நாளுக்குள் ஏற்க வேண்டும் என்று இருக்கும். அந்த நாள் வரைக்கும் கடையில் உட்கார்ந்து, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பேன். கடைசி நாள் மாலையில் வேண்டாம் என்று முடிவெடுப்பேன்.

இருபத்தாறு கடிதம். லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, எடுத்துப் படிப்பேன். அந்தக் கடிதங்களில் பெயர் ஒரே ஒரு முறைதான் வரும், மேலே, இடது பக்கத்தில். கட்டைவிரலை அங்கே வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் 'நீங்கள்', 'உங்கள்' என்றுதான் இருக்கும். படிப்பதற்கு இடைஞ்சல் இல்லை.

இது குற்றமா என்று எனக்குத் தெரியாது. சட்டம் நீங்கள் படித்தவர்.

மணி நாலு முப்பத்தெட்டு. கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். ஆனாலும் சொன்ன சொல் தவற மாட்டேன். ஏட்டையா காமராஜை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் பெரிய எஸ். பிறகு சின்ன எழுத்தில் இ, என், ஜே, ஐ. நடுவில் ஓர் அட் குறி. கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று. இவ்வளவுதான். இடைவெளி விடக் கூடாது.

ஏட்டையா வளர்மதி காத்திருக்கும் முன் அறைக்கு ஓடுகிறார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

நாம் காத்திருப்போம்.

இப்போது கேட்ட சத்தம் வளர்மதியுடையது. "வந்துடுச்சு நைனா!" என்கிறாள். தனகோட்டி, "இன்னாது வந்துச்சு, எங்க வந்துச்சு?" என்கிறார். கவிதா விளக்குகிறாள், அவருக்குப் புரியவில்லை. "அவ்ளோ தூரமா? ரயிலு இருக்குதா?" இருக்கிறது. சென்னை போய் மாற வேண்டும். நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

நல்லது. போகட்டும். சிங்கவரத்துக்கு ஒரு நல்ல கணக்கு டீச்சர் குறைகிறார், அவ்வளவுதான்.

கதவைச் சாத்திவிட்டீர்கள். அதுவும் நல்லதுதான். இந்த ஒரு மணி நேரத்தில் வளர்மதியைப் பற்றி என்னிடம் பதினைந்து கேள்வி கேட்டீர்கள். விமல்ராஜைப் பற்றிக் கேட்டீர்கள், ஆனந்தராஜைப் பற்றிக் கேட்டீர்கள். இருபத்தாறு என்று சொன்னபோது மட்டும் பேனாவை நிறுத்தினீர்கள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. சீயமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, உங்கள் அம்மாவோடு வந்தீர்கள். பச்சைத் தாவணி. தாவரவியல். ஜெயஸ்ரீ என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் எஸ் வருமா, எஸ் எச் வருமா என்று நான்தான் கேட்டு நிரப்பினேன். நூற்று ஐம்பத்து மூன்று என்று தாளைக் கொடுத்தேன். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள். அடுத்த மாதமே போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பம் போட என் கடைக்கே வந்தீர்கள். சொந்த மாவட்டத்தில் எஸ்.ஐ.யைப் போட மாட்டார்கள், சீயமங்கலம் வேறு மாவட்டம் என்பதால் கடைசியில் செஞ்சிக்கே உங்களைப் போட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இருநூற்று ஐம்பத்து மூன்று, மேடம். மலையடிவாரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். விடுதிக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. உதவித்தொகையோடு கூப்பிட்டிருந்தார்கள். இருபத்தாறு பேரில் அவ்வளவு வாங்கியது நீங்கள் மட்டும்தான்.

கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் தடுக்கவில்லை. உங்களுடையதை மட்டும் என்னிடம் விட்டுவைக்க முடியுமா என்று கேட்கிறேன். எனக்குக் கிடைத்த இடங்களிலேயே அதுதான் மிக நல்ல இடம்.