அடிபட்டவர்கள் அழும் இடம்

பியானோ நல்ல கனமான சாமான், ஐயா. ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு அதை ஏற்றியதே நான்தான். அப்போது துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச்சு ஓட்டிக்கொண்டிருந்தேன். மாடிக்குக் குடிவந்தவர் லியோனார்ட் துரை, ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பியானோதான் குடும்பம்.

அதில் ஒரு சண்டைப் பாட்டு வாசிப்பார். வாய்ப்பாட்டு இல்லை, வெறும் பியானோக் கட்டைதான் பேசும். முதலில் பட்டாளம் நடந்து வரும். பிறகு குதிரை. பீரங்கிக்கு உள்ளங்கையை விரித்து இடதுகோடிக் கட்டைகளில் ஓங்கி அறைய வேண்டும். அந்த அறையை என் மகன் ஹென்றிக்கு விட்டுக்கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டால் அவன் மாடியிலேயே கிடப்பான். மீசை முளைத்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். பாகிஸ்தான் சண்டையில் போய்விட்டான். தந்தி வந்தது, உடம்பு வரவில்லை.

அவனுக்குச் சண்டை ஆசை ஊட்டியது யார்? நான் படிக்காதவன். இதுகூடவா எனக்கு விளங்காது?

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் துரை என்னை மேலே கூப்பிட்டார். ஹென்றிக்குப் பிடித்ததை வாசிக்கிறேன் என்றார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வாசித்தார். பீரங்கி ஓய்ந்தது. மெல்லிசாக ஒரு முனகல் கேட்டது.

"அடிபட்டவன் அழுவுறான், கஸ்பார். அப்பால ஜெயிச்சவன் டான்ஸ் ஆடுவான்."

"டான்ஸ் வாணா தொர. அழுவுறதோட நிறுத்திக்க."

"அப்டி நிறுத்துனா பாட்டு முடியாது மேன்."

டான்ஸ் தொடங்கியது. அவர் கால் தாளம் போட்டது. நான் பியானோ மூடியை அவர் விரல்கள்மேல் இறக்கினேன். கைகளை இழுக்கப் பார்த்தார். மேலே ஊன்றி என் பாரம் முழுவதையும் கொடுத்தேன். கட்டைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தின, அப்புறம் அவர். எனக்குக் கோபமே இல்லை. அவர் ஓயும்வரை எடுக்கவில்லை, அவ்வளவுதான். தெருவில் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டில் அழுகை உண்டென்று எல்லோருக்கும் தெரியும்.

இனி அந்த விரல்கள் மடங்காது என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். நல்லதுதான். இன்னொரு வீட்டுப் பையன் பிழைத்தான்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். வெளியே என் பெண்டாட்டி வியாகுலம்மாள் நிற்கிறாள். என் பெல்ட்டடி தாங்காமல்தான் பையன் மாடியில் போய் ஒளிந்தான், அது தாங்காமல்தான் பட்டாளத்துக்கு ஓடினான் என்பாள். அதை மட்டும் எழுத வேண்டாம். பெற்றவன் அடிக்காமல் வேறு யார் அடிப்பது?