எது அதிகச் சத்தமோ, அது முதலில்

அந்த டியூபை அப்படிப் பிடித்து இழுக்காதீர்கள், தம்பி. உள்ளே தண்ணீர் இருக்கிறது. முதலில் அடியில் இருக்கும் வால்வை மூடுங்கள், கீழே ஒரு வாளி வையுங்கள், அப்புறம் மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். மதர்போர்டில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், நீங்கள் எதை எடுத்துப் போக வந்தீர்களோ அது புகைந்துவிடும். வாளி சமையலறையில், சிங்க்குக்குக் கீழே. நீல நிறம்.

பாருங்கள் சார்ஜண்ட் ஹெஃபர்னன், நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் உங்கள் கான்ஸ்டபிளே என்னைக் காப்பாற்றியிருப்பார். ஆனால் ஒரு வேலையை ஒருவன் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. நோலீன்கூட அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வாள்.

உட்காருங்கள். சொல்கிறேன். எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரைக் குளிர்விப்பதில்தான் ஆரம்பித்தது.

நான் புத்தகம் படிக்கிறவன். காசுக்கு. சிட்னியில் ஒரு நிறுவனம் நாவல்களை ஒலிப்புத்தகமாகப் போடுகிறது, குரல் என்னுடையது. ஆட்டுப் பண்ணைக் குடும்பம் ஒன்றின் கதை, பல பாகம். முதல் பாகம் தேறினால் மிச்சமெல்லாம் எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஒரு குரலுக்கு. எழுதியவருக்கு ஆட்டையும் தெரியாது, குடும்பத்தையும் தெரியாது. பரவாயில்லை. நான் படித்தால் இலக்கியம் போலக் கேட்கும்.

முதல் அத்தியாயம் திரும்பி வந்தது. "உங்கள் குரலுக்குப் பின்னால் ஏதோ சுற்றுகிறது" என்றார்கள். சுற்றியது கம்ப்யூட்டரின் ஃபேன். ஜனவரிக் கோடையில் நம் ராக்ஹாம்ப்டனில் எந்த ஃபேன்தான் கத்தாமல் இருக்கும்? இரும்புக் கூரை, பலகைச் சுவர், காலையிலேயே வீடு அடுப்பு. நோலீன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள்.

"டேய் லென்னி, உன் பொட்டி ஹெலிகாப்டர் மாதிரி கத்துதுடா. பறந்துறப் போகுது, வாலப் புடிச்சுக்க."

நோலீன் என் அக்கா. இது அவள் வீடு. என் மனைவி என்னை வெளியே அனுப்பியபோது, பெட்டியும் கையுமாக வந்து நின்றவனை உள்ளே விட்டாள். இறைச்சித் தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருஷம் சமைத்தவள். அங்கே மெஷின் சத்தத்தின் மேல் பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது என்றால் என்ன என்றே மறந்துபோனவள். சிகரெட் அவள் நுரையீரலைத் தின்றுவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு நீளமான டியூப். சுவரில் ஒரு தட்டு தட்டினால் டீ வேண்டும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் உடனே வா. பெரும்பாலும் ஒன்றுதான் தட்டுவாள்.

ஃபேனுக்கு வருகிறேன். காற்றை நம்பிப் பயனில்லை, டியூபில் தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிர்விப்பதுதான் வழி என்று முடிவு செய்தேன். கடையில் இருந்த பையனுக்கு அது புரியவில்லை.

"என்ன கலர் லைட்டு வேணும்ணே? பாட்டுக்கு ஏத்த மாதிரி மாறும்."

"எனக்குச் சத்தம் வேண்டாம்."

"இது சத்தமே வராதுண்ணே, கேளுங்க" என்று ஒன்றை ஓட்டிக் காட்டினான். கடையில் ஏசியும் ரேடியோவும் போட்டி போட்டன. பக்கத்தில் ஒரு லாரி நின்று உறுமினாலும் அவன் காதில் விழுந்திருக்காது. அவன் நீட்டியது அடைத்த செட். பம்ப், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தே வரும். விலையைக் கேட்டால் தலை சுற்றும், ரேடியேட்டரைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவ்வளவு ஒல்லி. ரேடியேட்டர் சிறியதாக இருந்தால் ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும். பிறகு தண்ணீர் எதற்கு? பெரிய ரேடியேட்டராக வாங்கி, அதில் பெரிய ஃபேனை மெதுவாக ஓட்டினால், அது ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது லைட்டு.

பக்கத்து ஊர் யெப்பூனில் ஒருவர் பழைய பாகங்களை விற்றுக்கொண்டிருந்தார். புது செட்டின் பாதி விலைகூட ஆகவில்லை. பம்பைத் தனியாக, இதோ இந்தச் சுவர்ப் பலகையில், நாலு திருகாணி போட்டு இறுக்கினேன். ஆடாமல் அசையாமல் நின்றது. அவர் கொடுத்த பையில் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சுத் துண்டும் இருந்தது, பம்புக்கு அடியில் போட. தன் திருகாணியை நம்பாதவனுக்குத்தான் ஸ்பாஞ்சு. குப்பையில் போட்டேன். நோலீன் அதை எடுத்துக்கொண்டாள்.

"நல்ல சாமானையெல்லாம் தூக்கிப் போடுறியேடா. இந்த டியூப்பு காதுக்குப் பின்னால அறுக்குது, ரெண்டு துண்டு வெட்டிச் சொருகிக்கிட்டா மெத்துன்னு இருக்கும்ல."

அவளுடைய பொறியியல் அறிவு அவ்வளவுதான்.

தண்ணீரை ஓடவிட்டேன். ஃபேன் அடங்கியது. ஒரு அரைமணி நேரம் நான் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான அரைமணிகள் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

அமைதியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு, சார்ஜண்ட். எது அதிகச் சத்தமோ, அது முதலில். அதை அடக்கினால் அதற்கு அடுத்தது காதில் விழும். அதையும் அடக்க வேண்டும். பிறகு அதற்கு அடுத்தது. நடுவில் நிறுத்துகிறவன் காசையும் வீணாக்கி, காதையும் வீணாக்குகிறான்.

ஃபேன் போனதும் நோலீனின் ரேடியோ கேட்டது. குதிரைப் பந்தயம். ஒரு ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமாக மாட்டிக்கொண்டாள். "ஏரோப்ளேன் ஓட்டுற மாதிரி இருக்குடா" என்றாள்.

ரேடியோ போனதும் டஸ்டி. அவள் வளர்த்த கொண்டைக் கிளி. விசிலடிக்கும், அதுவும் என் வாக்கியம் முடிகிற இடமாகப் பார்த்து. ஒரு நாள் கூண்டு திறந்து கிடந்தது. கொஞ்ச நேரம் மாமரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கொக்கியைத் தானே சரியாகப் போடவில்லை என்று நோலீன் ரெண்டு நாள் அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை. அழுகை சீக்கிரம் நின்றுவிடும், கிளி நிற்காது.

அதற்கு அடுத்தது அந்த மெஷினின் பீப். புயல் சீசனில் கரண்ட் கண் சிமிட்டும். சிமிட்டும்போதெல்லாம் மெஷின் வீடே அதிரக் கத்தும். அது கத்துகிற ஓட்டையில் பஞ்சை அடைத்து டேப் ஒட்டினேன். நோலீனுக்குத் தெரிந்தேதான். பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததே அவள்தான்.

"இனிமே நான் செத்தாக்கூட உனக்குத் தெரியாதேடா" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. வாடகை மெஷினைத் திருப்பி எடுக்க வந்த ஆள் அந்தப் பஞ்சைப் பார்த்துத்தானே உங்களிடம் ஓடி வந்தார்? தன் வேலை மெஷினைத் தூக்குவது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு அத்தியாயம் மறுபடியும் திரும்பி வந்தது. "குரலுக்கு அடியில் மெல்லிய இரைச்சல். இதுவே கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமான பதிவு வேண்டும்."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. சுவரில் காதை வைத்தேன். அங்கே இன்னும் தெளிவாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? அவள் மெஷின். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். என் கையால் செய்த வேலையை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

நோலீனிடம் நியாயமாகத்தான் பேசினேன். அவளும் நியாயமாகத்தான் பதில் சொன்னாள்.

"அதுக்கென்னடா இப்போ. கரண்ட் போனா மாட்டுற சின்ன சிலிண்டரு இருக்குல்ல? அத மாட்டிக்கிட்டு கீழ மாமரத்தடியில போய் உக்கார்றேன். நீ பாட்டுக்கு உன் ஆட்டுக்கதையப் படி. முடிஞ்சதும் கூப்புடு."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் ஊர் வீடு, ஆள் உயரத் தூண்கள் மேல் நிற்கிறது. அவள் படியிறங்கினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சிரைப்பு, ஒரு கெட்ட வார்த்தை. கீழே உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டு ஆளோடு பேச்சு. நடுவில் "முடிஞ்சுதாடா?" என்று ஒரு கூச்சல். ஒரு இரைச்சலை நிறுத்த நாலு இரைச்சலை விலைக்கு வாங்குவதா? "சரி, பார்க்கலாம்" என்றேன். சிலிண்டரை நானே கீழே கொண்டுபோய் வைத்தேன், அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று.

வியாழக்கிழமை மதியம். ரொட்டியும் உப்பிட்ட மாட்டிறைச்சியும் சாப்பிட்டாள். கடுகுச் சாந்து போதவில்லை என்று குறை சொன்னாள். படுத்தாள். தூங்கினாள். நான் உள்ளே போய், சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். மெஷின் நின்றது. பீப் வரவில்லை, பஞ்சு நன்றாகவே வேலை செய்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன்.

அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். ஆம்புலன்ஸ்காரர்களிடமும் அதைத்தான் சொன்னேன். எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. மெஷின் நின்றது ஒரு அத்தியாயம் முடிகிற நேரம்தான். சிலர் அதைவிட அதிக நேரம் தண்ணீருக்குள் மூச்சுப் பிடிக்கிறார்களாம். அவள் கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாம்.

என்ன தம்பி, பம்பு வந்துவிட்டதா? அதிலே திருகாணி இல்லை, சும்மா தூக்குங்கள், வரும்.

ஆமாம் சார்ஜண்ட், முன்பு நாலு திருகாணி இருந்தது. இப்போது தரையில், ஸ்பாஞ்சின் மேல் நிற்கிறது. கறுப்பு ஸ்பாஞ்சுதான். ஓரத்தில் இரண்டு சின்னத் துண்டு வெட்டியிருக்கிறது, ஆமாம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் பார்க்கிறீர்களே.

"உங்க அக்கா காதுக்குப் பின்னால இதே ஸ்பாஞ்சு ரெண்டு துண்டு இருந்துச்சு. போட்டோவுல பார்த்தேன். மீதி எங்க இருந்துச்சு, லெனர்ட்?"

அவள் தலையணைக்குப் பக்கத்தில்.

"எப்ப எடுத்தீங்க?"

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால். அவர்கள் வந்தால் அறைக்குள் விடமாட்டார்கள் இல்லையா.

"அப்போ அந்த இரைச்சல் மெஷின்லேருந்து வரல."

இல்லை. பம்பு. அதன் அதிர்வு திருகாணி வழியாகச் சுவரில் ஏறி, சுவர் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் சொல்லவில்லை. இப்போது ஸ்பாஞ்சு போட்டுவிட்டேன். நீங்கள் வந்து நிறுத்தும்வரை எவ்வளவு அமைதியாக ஓடியது என்று கவனித்தீர்களா? செட் சரியான செட்தான். குறை ஒரு ஸ்பாஞ்சில்.

"எப்பத் தெரிஞ்சுது?"

இரண்டாம் பக்கத்தில். அவள் மெஷின் நின்றிருந்தது, ஹெட்ஃபோனில் இரைச்சல் அப்படியே இருந்தது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"அவங்க தட்டவே இல்லையா?"

அதைத் தேடித்தானே கம்ப்யூட்டரை எடுத்துப் போகிறீர்கள். இருக்கிறது. நான் எதையும் அழிப்பதில்லை. மூன்றாம் பக்கத்தில் தட்டினாள். இரண்டு தட்டு. அந்த வரி கெட்டுப்போனதால் மறுபடி படித்தேன். மறுபடியும் இரண்டு. பிறகு எண்ணுகிற மாதிரி இல்லை.

"லெனர்ட், இரைச்சல் இருந்தா அந்தப் பதிவு எப்படியும் குப்பைக்குத்தான். அது உங்களுக்கு அப்பவே தெரியும். எழுந்து போய் ஒரு சுவிட்சப் போட்டிருக்கலாம். ஏன் கடைசி வரைக்கும் படிச்சீங்க?"

நீங்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன், சார்ஜண்ட். பம்பின் இரைச்சல் ரொம்ப மெல்லியது. அது பம்புதான் என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டுமானால், வீட்டில் அதற்கு மேல் ஒரு சத்தமும் இருக்கக்கூடாது.

அவள் தட்டுவது முதலில் நிற்க வேண்டியிருந்தது.