மூன்று கப்பல் போட்ட கொடி

வைலெயில் இருந்து ஹேர்னிங் போகும் டெனிஷ் ரயிலில் எனக்கு எதிரே நடுவயதுத் தமிழ்த் தம்பதி ஒன்று இருந்தது. ஜெர்மனியில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கணவர் திடீரென்று, "ஒரு கொடிக்கு மூண்டு கப்பல் என்னத்துக்கு?" என்று எரிந்து விழுந்தார்.

"அது அவை இருக்கிற மாவட்டத்தின்ர கொடி. உங்களுக்கு என்ன வந்தது?"

"உம்மட அத்தான் அதை வளவுக்குள்ள ஏத்தி வச்சிருக்கிறார். ஒரு கப்பலின்ர பாயில கலப்பையாம், ஒண்டில மீனாம், மற்றதில மாட்டுத் தலையாம். எங்கட மகள் பின்னேரம் முழுக்க அவரோட அதையே கதைக்கிறாள். அதுவும் தமிழில! எனக்கெண்டா டெனிஷிலதான் பதில். இப்ப இன்னும் ஒரு கிழமை பெரியப்பா வீட்டில நிக்கப்போறாளாம்."

"அத்தானுக்கு அந்தக் கொடியைப் பற்றி ஒண்டும் தெரியாது. அவள்தான் அவருக்குச் சொன்னவள். யூனிவர்சிட்டியில கொடியளையும் சின்னங்களையும் பற்றித்தானே எழுதிறாள்."

"எனக்குச் சொல்லேல்லையே."

"அவர் கேட்டவர். நீங்கள் கேக்கேல்லை."

கணவர் போனை எடுத்தார்.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன். இல்லையம்மா, ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தக் கொடியைப் பற்றி எனக்கும் ஒருக்காச் சொல்லன்."

பிராண்டே ஸ்டேஷன் வந்தது. மனைவி இரண்டு பைகளையும் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். கணவர் போனைக் காதில் வைத்தபடி பின்னால் போனார். கதவு மூடும்போதும், "ஓம், ஓம். பிறகு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.