பதினான்கு மாதப் பாடம்

விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களே, அறிவு வாசலைத் திறந்துவைக்கும் ஆசிரியப் பெருமக்களே, அவை நிறைந்த ஆன்றோரே, நான் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட தாய்மாரே, மாணவச் செல்வங்களே! கிரானிலிருந்து வந்த வேளாண்மைக்காரன் கோணாமலையின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக.

பெற்றோர் சார்பில் பேச அழைத்தார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. அப்படிப்பட்டவனைச் சர்வதேசப் பாடசாலை மேடையில் ஏற்றிய அதிபரின் துணிச்சலை என்னவென்பது! பின்வரிசையில் கைதட்டும் தம்பிமாரே, பொறுங்கள். அதிபரே இன்னும் தட்டவில்லை.

அன்பானவர்களே, என் மகள் விதுர்ஷா இங்கே எட்டாம் வகுப்பு. ஆழிப்பேரலை வந்தபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் அகதிமுகாமானது. இரண்டு மாதம் பாடமில்லை. பிறகு ஷெல் குண்டு வந்தது, ஊரே கிளம்பியது. கூடாரத்தில் ஒரு வருடம், அங்கும் பாடமில்லை. போர் ஓய்ந்தது, வீடு திரும்பினோம், மச்சான் சுவிஸிலிருந்து உதவினான், இங்கே சேர்த்தோம். அப்போது நான் என்ன செய்தேன்? இழந்த பதினான்கு மாதத்தையும் ஒரே வருடத்தில் மீட்பேன் என்று சபதம் எடுத்தேன்! விடியலில் கணித ரியூசன், மாலையில் ஆங்கிலம், சனியில் விஞ்ஞானம், ஞாயிறில் மறுபடியும் விஞ்ஞானம். உறங்க விட்டேனா? ஓடியாட விட்டேனா? ஒரு வார்த்தை பேச விட்டேனா?

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, சீருடையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நான் இனிப் பள்ளிக்குப் போகல்ல."

"ஏன் புள்ள?"

"என்னால ஏலா."

மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மனைவி சுலோஜனா சுவரில் நான் ஒட்டியிருந்த படிப்பு நேரசூசியைக் கிழித்து என் கையில் வைத்தாள். "புள்ள வேணுமா, இது வேணுமா? இப்பவே சொல்லுங்க" என்றாள்.

கிழிந்த தாளோடு எங்கே போவேன்? வயலுக்குப் போனேன். அங்கே இன்னொரு கூத்து! மானிய உரம் கிடைத்த மகிழ்ச்சியில் ஒன்றுக்கு இரண்டாக யூரியா எறிந்திருந்தேன். எங்கள் வட்டையில், அந்த வயல்வெளி முழுவதிலும், என் வயல்தான் கரும்பச்சை. ஒரேயொரு காற்று வந்தது, அத்தனை பயிரும் படுத்துவிட்டது. பக்கத்து வயல்காரன் உதயரூபன் வரம்பில் நின்று கேட்டான்: "மச்சான், நெல்லா வெதச்ச? படுக்கப் பாயா விரிச்ச?"

அந்த நேரம் பார்த்து வரம்பு வழியே வந்தார் வகுப்பாசிரியை செசீலியா ரீச்சர்.

"ஐயா, பயிருக்கு என்ன நடந்த?"

"உரம் கூடிப்போச்சு ரீச்சர்."

"ஓம். நான் விதுர்ஷாவப் பத்திக் கதைக்கத்தான் வந்தன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப நான் என்ன செய்ய?"

"என்னட்டக் கேக்காதீங்க. புள்ளயிட்டக் கேளுங்க."

கேட்டேன். பாண்ட் வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடிக்க வேண்டுமாம்! கதவு அடித்துச் சாத்தினாலே கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளை, சபையோரே!

"சத்தத்துக்குப் பயமில்லையா மகள்?"

"நான்தானே அடிக்கப்போறன் அப்பா. எப்ப சத்தம் வரும் எண்டு எனக்குத் தெரியும்தானே."

தாய்மாரே, என்ன சொல்வேன்! அலை அறிவித்துவிட்டா வந்தது? ஷெல் சொல்லிவிட்டா விழுந்தது? இத்தனை காலமும் அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதை எந்த ரியூசன் வகுப்பில் நான் வாங்கிக் கொடுத்திருப்பேன்?

நான்கு ரியூசன் வகுப்பில் இரண்டை நிறுத்தினேன். அவள் பள்ளிக்குத் திரும்பினாள். முதலாம் இடமா? இல்லை, எட்டாம் இடம்! அங்கே யார் உச்சுக் கொட்டுவது? அம்மா, என் பிள்ளை சாப்பிடுகிறாள், உறங்குகிறாள், பாடம் விளங்காவிட்டால் கையுயர்த்திக் கேட்கிறாள், என்னோடு சண்டையும் பிடிக்கிறாள்! படிப்பு வேண்டும், பெற்றோரே, கட்டாயம் வேண்டும். படிக்கிற பிள்ளை அதைவிட வேண்டும்! நாம் இழந்ததையெல்லாம் மீட்டுத் தருவதற்காகவா பிள்ளைகள் பிறந்தார்கள்? அவர்கள் வாழப் பிறந்தவர்கள்! வளரப் பிறந்தவர்கள்! வாய்விட்டுச் சிரிக்கப் பிறந்தவர்கள்!

சற்றுமுன் வாசலிலிருந்து விருந்தினரை அழைத்து வந்த அணியைப் பார்த்தீர்களா? பெரிய மேளத்தின் முதல் அடியில் முன்வரிசையில் ஒருவர் துள்ளி எழுந்தார். அது நான்தான். மேளத்துக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தவள் என் மகள்!

பிள்ளையின் மனத்தையும் பாடமாகப் படித்த ஆசிரியர்களுக்கும், படிக்காதவன் பேச்சைப் பொறுத்தருளிய உங்களுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி கூறி, விடைபெறுகிறேன். வணக்கம்!